தொட்டும் தொடாமலும்: ஹார்டு டிஸ்க்குக்குள்ள ஒரு தகட்டின் கதை



ஹார்டு டிஸ்க் வரலாறுன்னு யார் எழுத ஆரம்பிச்சாலும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் போகும். "அந்தக் காலத்துல 5 எம்பி, ஒரு பீரோவை விட பெருசு, விமானத்துல ஏத்துறாங்க பாருங்க"ன்னு ஒரு கறுப்பு வெள்ளை போட்டோ. ஃபார்வர்டு மெயில்ல அந்த போட்டோ வராத ஆளே இருக்க முடியாது. அப்புறம் காந்தம், எலக்ட்ரானிக்ஸ், மெகா, கிகா, டெரா. சுபம்.

இந்தக் கதையில ஒரு ஆளை மட்டும் எல்லாரும் விட்டுடுவாங்க. அது ஒரு சின்னத் தகடு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். நீளம் ரெண்டு செண்டிமீட்டருக்குள்ள, கனம் தலைமுடி அளவோ அதுக்கும் கம்மியோ. விலை ஒரு டாலருக்குக் கீழ. அதுக்குப் பேர் சஸ்பென்ஷன். ஆமா, பைக்ல, லாரியில இருக்கிற அதே சஸ்பென்ஷன்தான், வேலையும் கிட்டத்தட்ட அதேதான். நாம எழுதுற பதிவு, அடிச்ச மொக்கை, வாங்கின பின்னூட்டம் எல்லாமே எங்கயோ ஒரு டேட்டா சென்டர்ல இந்தத் தகடு ஒழுங்கா நிக்கிறதை நம்பித்தான் இருந்திருக்கு. அதனால இன்னைக்கு இதைப் பத்தி கொஞ்சம் விரிவா. (இயந்திரவியல் வாடை அடிக்கும். பிடிக்காதவங்க நடுவுல கோழிக் கொட்டகை வர்ற இடத்துக்கு நேரா போயிடலாம்.)

முதல்ல பிரச்சினை என்னன்னு பாத்துடுவோம். தட்டு சுத்துது. 7200 ஆர்பிஎம் டிரைவ்ல விளிம்பு ஓடுற வேகம் கணக்குப் போட்டா மணிக்கு சுமார் 130 கிலோமீட்டர் வரும். அதுக்கு மேல எழுதுற, படிக்கிற 'ஹெட்' நிக்கணும். (தலைன்னு எழுதலாம், ஆனா 'தல'ன்னு படிச்சுட்டு ரசிகர்கள் வந்துடுவாங்க, எதுக்கு வம்பு :-)) ஹெட் ஒரு சின்ன பீங்கான் துண்டோட பின் விளிம்புல இருக்கும். அந்தத் துண்டுக்கு ஸ்லைடர்னு பேர். இது தட்டைத் தொடவும் கூடாது, விட்டு விலகவும் கூடாது. இப்போதைய டிரைவ்கள்ல படிக்கிற நேரத்துல அந்தப் பின் விளிம்புக்கும் தட்டுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி ஒண்ணு ரெண்டு நானோமீட்டர். ஸ்லைடரோட நீளம் 0.85 மில்லிமீட்டர். ரெண்டையும் லட்சம் மடங்கு பெருசாக்கிப் பாருங்க. 85 மீட்டர் நீளமுள்ள ஒரு கட்டடம், ரெண்டு காகிதத் தாள் கனத்துக்கு மேல வழுக்கிக்கிட்டே போகுது. தரையும் சமதளம் இல்ல, லேசா அலையடிக்கும்.

இப்ப இதைப் பிடிச்சிருக்கிற தகடு என்ன செய்யணும்? மேல கீழ வளைஞ்சு கொடுக்கணும், தட்டோட அலைக்கு ஏத்த மாதிரி. முன்னாடி பின்னாடி கவிழ்ந்து நிமிரணும். இடது வலது சாயணும். இந்த மூணுலயும் பூ மாதிரி மென்மையா இருக்கணும். அதே நேரம் பக்கவாட்டுல ஒரு அணு கூட அசையக் கூடாது, ஏன்னா பக்கத்து டிராக்குல போய் எழுதிடும். திருகிக்கவும் கூடாது. ஒரே தகடு, மூணு திசையில வளையணும், மத்த திசையில இரும்புத் தூண் மாதிரி நிக்கணும். நம்ம ஊர்ல மருமகள்கிட்ட எதிர்பாக்கிற மாதிரி இருக்குல்ல? ஐம்பது வருஷமா இந்த முரண்பாட்டை ஒவ்வொரு துண்டா பிரிச்சு பிரிச்சு தீர்த்ததுதான் சஸ்பென்ஷனோட வரலாறு.

ஆரம்பத்துல இந்தத் தகடே கிடையாது. 1956 செப்டம்பர்ல ஐபிஎம் ஒரு இயந்திரத்தை அறிவிச்சாங்க. 305 ராமாக். அதோட வட்டு அலகுக்குப் பேர் ஐபிஎம் 350. கலிபோர்னியாவில சான் ஹோசேயில, நோட்ரடாம் அவென்யூ 99-ம் எண் கட்டடத்துல இருந்த ஆய்வுக்கூடத்துல பொறந்தது. அதை நடத்தினவர் ரேனால்ட் ஜான்சன். அடிப்படையில பள்ளிக்கூட வாத்தியார்! பென்சில்ல நிரப்பின விடைத்தாளை மெஷினே திருத்துற மாதிரி கண்டுபிடிச்சு, அது மூலமா ஐபிஎம்முக்குள்ள வந்தவர். ரெண்டடி விட்டமுள்ள 50 அலுமினியத் தட்டுகள், நிமிஷத்துக்கு 1200 சுத்து, மொத்தமே 50 லட்சம் எழுத்து. ஆனா 50 தட்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு கை. அந்தக் கை லிஃப்ட் மாதிரி மேல கீழ போய் வேண்டிய தட்டுக்கு நடுவுல நுழையும். நுனியில ரெண்டு ஹெட், மேல் பக்கத்துக்கு ஒண்ணு, கீழ்ப் பக்கத்துக்கு ஒண்ணு.

ரெண்டடி அகல அலுமினியத் தட்டு சுத்தும்போது ஆடாம இருக்குமா? ஆடும். சைக்கிள் ரிம் கோட்டம் விழுந்தா எப்படி, அப்படி. ஹெட்டை அசையாம கெட்டியா பிடிச்சு வச்சா ஒரு சுத்துலயே தட்டு வந்து இடிச்சுடும். அதனால ஜான்சன் குழு ஒரு கம்ப்ரஸரை வச்சாங்க. ஹெட்டோட அடியில சின்னச் சின்ன துளை, அது வழியா அழுத்தின காத்து பீய்ச்சி அடிக்கும். பின்னாடி இருந்து அதே காத்து ஹெட்டைத் தட்டைப் பாத்துத் தள்ளும். ரெண்டும் சமமாகிற இடத்துல ஹெட் மிதக்கும். இடைவெளி சுமார் 20 மைக்ரான். இன்னைக்குக் கணக்குல பாத்தா அது ஆகாயம். அன்னைக்கு அது மாயாஜாலம்.

ஆனா இந்த ஏற்பாட்டுல ஒரு இடைஞ்சல். ஒவ்வொரு ஹெட்டுக்கும் காத்துக் குழாய் வேணும். நூறு பக்கத்துக்கும் நூறு ஹெட் வச்சா எவ்வளவு பெரிய கம்ப்ரஸர் வேணும்னு யோசிச்சுப் பாருங்க. ஒரே கை ஓடி ஓடி வேலை பாத்ததுக்கு இதுவும் ஒரு காரணம். தேடி எடுக்க சராசரியா 600 மில்லிசெகண்ட். அரை செகண்டுக்கு மேல. ஒரு தட்டுல இருந்து இன்னொரு தட்டுக்குப் போகணும்னா கையை முழுசா வெளிய இழுத்து, மேல கீழ நகர்த்தி, மறுபடி உள்ள விடணும்.

இதுக்கு விடை தட்டுகிட்டயே இருந்துச்சு. வேகமா சுத்துற தட்டு தன்னோட மேற்பரப்பை ஒட்டி இருக்கிற காத்தையும் இழுத்துக்கிட்டுத்தான் ஓடுது. அந்தக் காத்தைச் சரியான வடிவத்துல இருக்கிற ஒரு சின்னப் பலகைக்கு அடியில நெருக்கினா, அழுத்தம் தானா உருவாகி பலகையைத் தூக்கும். எண்ணெய் போட்ட பேரிங்குக்காக 1886-ல ஆஸ்போர்ன் ரெய்னால்ட்ஸ் எழுதின சமன்பாடுதான் இங்கயும். எண்ணெய்க்குப் பதில் காத்து, அவ்வளவுதான். கம்ப்ரஸர் வேண்டாம், குழாய் வேண்டாம். 1961-ல அறிவிச்ச ஐபிஎம் 1301-ல இது வந்துச்சு. ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி ஹெட், சீப்பு மாதிரி வரிசையா. தேடுற நேரம் 180 மில்லிசெகண்டுக்கு இறங்குச்சு. இடைவெளி சுமார் 6 மைக்ரான்.

கவனிங்க, இங்கதான் ஸ்பிரிங்குக்கு வேலை வருது. காத்து மேல தூக்குது சரி, எதிர்ப் பக்கமா யார் அமுக்குறது? ராமாக்ல காத்தே அமுக்குச்சு. இனிமே ஒரு ஸ்பிரிங் அமுக்கணும், அதுவும் இத்தனை கிராம்னு அளந்து. ஸ்பிரிங் விசை ரெண்டு கிராம் மாறினா பறக்கிற உயரமும் மாறும். அதுவரைக்கும் ஹெட்டைத் தாங்குற கொக்கியா இருந்த சமாச்சாரம், அன்னையில இருந்து ஒரு தராசு ஆயிடுச்சு.

அடுத்த பத்து வருஷம் கொஞ்சம் முரட்டுக் காலம். 1962-ல வந்த 1311-ல இருந்து தட்டு அடுக்கைக் கழட்டி மாட்டலாம். பெரிய கேக் டப்பா மாதிரி ஒரு மூடியோட இருக்கும். கழட்டி மாட்டணும்னா ஹெட் எல்லாம் வெளிய வந்து ஒதுங்கி நிக்கணும். புது அடுக்கு மாட்டி, முழு வேகம் வந்ததும், கை உள்ள போய் ஹெட்டை ஓடுற தட்டு மேல இறக்கணும். ஆளுக்கு ஆள் கழட்டி மாட்டுற தட்டு, வெளிக்காத்து, தூசி. இந்தச் சூழ்நிலையில ஹெட்டை உறுதியா வச்சிருக்க ஒரே வழி, நல்லா அமுக்கிப் பிடிக்கிறதுதான். 1970-ல வந்த 3330 வரைக்கும் ஒவ்வொரு ஹெட்டையும் சுமார் 350 கிராம் விசையில அமுக்கினாங்க. அவ்வளவு எடையை ஒரு பொத்தான் அளவு துண்டு மேல வைக்கிற மாதிரி. பறந்தா சந்தோஷம். பறக்காம உக்காந்துட்டா தட்டைச் சுரண்டி எடுத்துடும். 'ஹெட் கிராஷ்'ங்கிற வார்த்தைக்கு பயங்கரம் சேர்ந்தது இந்தக் காலத்துலதான்.

1973-ல நிலைமை தலைகீழ் ஆச்சு. ஐபிஎம் 3340. பொறியாளர் கென் ஹாட்டன் தலைமையில வந்தது. ரெண்டு சுழல்தண்டு, தலா 30 மெகாபைட்னு முதல்ல திட்டம். 30-30ன்னா அது வின்செஸ்டர் துப்பாக்கிக் குண்டாச்சேன்னு அவர் விளையாட்டா சொல்லப் போக, அந்தப் பேரே ஒட்டிக்கிச்சு. கடைசியில கொள்ளளவு 35, 70 மெகாபைட்னு மாறிப் போச்சு, பேர் மாறல. ரொம்ப நாளைக்கு ஹார்டு டிஸ்க்குக்கே வின்செஸ்டர்னுதான் பேர். பழைய பாடப் புத்தகங்கள்ல பாத்திருப்பீங்க.

பேரை விடுங்க, அதுல செஞ்ச வேலைதான் முக்கியம். தட்டையும் ஹெட்டையும் கையையும் சேர்த்து ஒரே டப்பாவில அடைச்சு மூடிட்டாங்க. ஹெட் இனிமே வெளிய வரவே வேண்டாம். சரி, தட்டு நின்னா ஹெட் எங்க போகும்? தட்டு மேலயே உக்காந்துக்கும்! தொடவே கூடாதுன்னு இத்தனை வருஷம் தலையால தண்ணி குடிச்சவங்க, "தொட்டா தொட்டுட்டுப் போகட்டும், மெதுவா தொடட்டும்"னு முடிவு பண்ணாங்க. தட்டுக்கு லேசா எண்ணெய்ப் பூச்சு. ஸ்லைடர் சின்னதா, லேசா. அமுக்குற விசை 350 கிராம்ல இருந்து 20 கிராமுக்குக் கீழ. சுத்த ஆரம்பிக்கும்போது உரசிக்கிட்டே கிளம்பி காத்துல எழும்பும், நிக்கும்போது வழுக்கி இறங்கும். பறக்கிற உயரம் அரை மைக்ரான் பக்கம் வந்துச்சு.

எனக்கு இந்த மொத்தக் கதையில ரொம்ப பிடிச்ச இடம் இதுதான். பிடியை இறுக்கி கட்டுப்படுத்த முடியாததை, பிடியைத் தளர்த்திக் கட்டுப்படுத்தினாங்க. தோசை ஊத்துறவங்களுக்கு இது சொல்லாமலே தெரியும். மாவைப் பரப்பும்போது கரண்டியை அமுக்கினா தோசை கிழியும், தூக்கினா பரவாது. கரண்டியோட எடைக்கு விட்டுட்டு மணிக்கட்டை லேசா வச்சிருக்கணும். வின்செஸ்டருக்கு அப்புறம் சஸ்பென்ஷன் செஞ்சவங்க தேடினது அந்த மணிக்கட்டைத்தான்.

அந்த மணிக்கட்டுக்கு ஒரு தெளிவான வடிவம் கிடைச்சது ஐபிஎம் பொறியாளர் ராபர்ட் வாட்ரஸ் பேர்ல 1970-கள்ல வந்த காப்புரிமைகள்ல. 1979-ல வந்ததுதான் அதிகம் பேசப்பட்டது. அதுக்குப் பிறகு வந்த நூத்துக்கணக்கான காப்புரிமைகள் 'வாட்ரஸ் வகை சஸ்பென்ஷன்'னு சொல்லித்தான் ஆரம்பிக்கும். யோசனை எளிமையானது. ஒரே தகட்டுகிட்ட எல்லாத்தையும் கேட்காதே, வேலையைப் பிரிச்சுக் கொடு.

நீளமான முக்கோணத் தகடு ஒண்ணு, பேர் லோட் பீம். அதோட ரெண்டு ஓரத்தையும் மேல மடிச்சு விட்டுட்டாங்க. ஒரு பேப்பரை நீட்டிப் பிடிச்சா தொங்கும், ஓரத்தை மடிச்சா நேரா நிக்கும்ல, அதே தந்திரம். அப்ப எங்க வளையும்? கையோட சேர்ற அடிப்பக்கத்துல மட்டும் ஓரத்தை மடிக்காம விட்டிருப்பாங்க. அந்த இடத்துல தகட்டை முன்கூட்டியே ஒரு அளவு வளைச்சு வச்சிருப்பாங்க. மாட்டினதும் அது பழைய வளைவுக்கே திரும்பப் பாக்கும், அந்த விசைதான் ஹெட்டை அமுக்குற கிராம் கணக்கு. லோட் பீம் நுனியில இன்னும் மெல்லிசா இன்னொரு தகடு, அது ஃபிளெக்ஷர். ஸ்லைடரை ஒட்டுறது இதுல. ரெண்டுக்கும் நடுவுல ஒரு சின்னக் குமிழ், பேர் டிம்பிள். அமுக்குற விசை முழுக்க இந்த ஒரு புள்ளி வழியாத்தான் ஸ்லைடருக்கு இறங்கும். பம்பரம் ஆணி மேல நிக்கிற மாதிரி ஸ்லைடர் அந்தப் புள்ளியைச் சுத்தி எப்படி வேணா சாய்ஞ்சுக்கலாம். ஃபிளெக்ஷர் அதை விலகிப் போகாம மட்டும் பிடிச்சுக்கும்.

விசை கொடுக்கிறது ஒருத்தர், விறைப்பு கொடுக்கிறது ஒருத்தர், சாய்வுக்கு வழி விடுறது ஒருத்தர். இன்னைக்கு வரைக்கும் எந்த டிரைவைத் திறந்தாலும் இந்த மூணு பேர்தான்.

இதே ஐபிஎம்தான் இதோட இன்னொரு பக்கத்தையும் பாத்தாங்க. 3380-ஐ 1980 ஜூன்ல அறிவிச்சாங்க, ஒரு அலமாரியில 2.52 கிகாபைட், அந்தக் காலத்துக்கு நம்பவே முடியாத அளவு. ஆனா ஹெட்டும் தட்டும் உரசுற இடத்துல வந்த சிக்கல்களால முதல் யூனிட் வெளிய போக 1981 அக்டோபர் ஆயிடுச்சு. எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் தயாரா நிக்குது, உரசல் ஒத்துக்கல.

சரி, கோழிக் கொட்டகை.

அமெரிக்காவில மினசோட்டா மாநிலத்துல, மினியாபொலிஸுக்கு மேற்க ஹட்சின்சன்னு ஒரு சின்ன ஊர். இப்பவும் ஒரு பதினாலாயிரம் பேர்தான் இருப்பாங்க. 1965-ல அங்க ஜான் கைஸ், ஜெஃப் கிரீன்னு ரெண்டு பேர் ஒரு பழைய கோழிக் கொட்டகையைச் சரிபண்ணி கம்பெனி ஆரம்பிச்சாங்க. அவங்க கையில இருந்த வித்தை ரசாயன அரிப்பு. வீட்டுல பிசிபி செஞ்சு பாத்தவங்களுக்குத் தெரியும், ஃபெர்ரிக் குளோரைடுல முக்கினா வேண்டாத செம்பு கரைஞ்சு போகும், சட்டையில பட்டா கறை ஜென்மத்துக்கும் போகாது. அதையே ஸ்டீல் தகட்டுல செஞ்சா? அச்சு வச்சு வெட்டினா தகட்டோட ஓரத்துல பிசிறு வரும், உள்ளுக்குள்ள இறுக்கம் நிக்கும், பிசிறு உதிர்ந்தா டிரைவ் காலி. கரைச்சு எடுத்தா ரெண்டும் இல்ல. டிசைன் மாத்தணும்னா புது அச்சும் வேண்டாம், படம் மாத்தினா போதும். இந்த வித்தைக்கு உலகத்துலயே ரொம்பப் பொருத்தமான பொருள் சஸ்பென்ஷன்தான். ஹட்சின்சன் டெக்னாலஜி ஒரு காலத்துல உலகத்துல செய்யிற சஸ்பென்ஷன்ல பாதிக்கு மேல செஞ்சு கொடுத்துச்சு. ஐபிஎம்முக்கும் அதோட போட்டியாளர்களுக்கும் ஒரே ஊர்ல இருந்து தகடு போச்சு.

1980-ல சீகேட் எஸ்டி-506 வந்து, மேசைக் கணினிக்குள்ள 5 எம்பி டிரைவ் நுழைஞ்ச பிறகு எண்ணிக்கை ஆயிரத்துல இருந்து கோடிக்குப் போச்சு. எண்ணிக்கை ஏறும்போதே அளவு சுருங்கிச்சு. 4 மில்லிமீட்டர் நீள ஸ்லைடர், அதுல பாதி 'நானோ', அப்புறம் 1.25 மில்லிமீட்டர் 'பிகோ', அப்புறம் 0.85 மில்லிமீட்டர் 'ஃபெம்டோ'. (பேருக்கும் நிஜ நானோவுக்கும் சம்பந்தமே இல்ல, மார்க்கெட்டிங் கைங்கரியம்.) அமுக்குற விசையும் 9.5 கிராம், 3.5 கிராம், 2.5 கிராம்னு இறங்கிச்சு.

டிராக்குகளும் நெருங்கிச்சு. ராமாக்ல அங்குலத்துக்கு 20 டிராக். இப்ப பெரிய டிரைவ்கள்ல நாலு லட்சத்துக்கு மேல. அதாவது ஒரு டிராக்குக்கு 64 நானோமீட்டர் அகலம் கூட இல்ல. இந்த நிலையில தட்டு கிளப்புற காத்தே தகட்டை வீணைத் தந்தி மாதிரி அதிர வைக்கும். தகட்டுக்கு மூணு விதமான அதிர்வு இருக்கு. மேல கீழ ஆடுறது, அச்சைச் சுத்தி முறுக்கிக்கிறது, பக்கவாட்டுல ஆடுறது. முதலாவதால பெரிய தொல்லை இல்ல. மூணாவதை விறைப்பு கூட்டி தள்ளி வைக்கலாம். ரெண்டாவதுதான் வில்லன்.

முறுக்கலை நிறுத்தவே முடியாது. அதனால டிசைனர்கள் ஒரு வேலை செஞ்சாங்க. கரகாட்டம் பாத்திருக்கீங்கல்ல? உடம்பு முழுக்க ஆடும், இடுப்பு சுழலும், தலை மேல இருக்கிற கரகம் மட்டும் அசையாது. அதே மாதிரி, தகடு எந்த அச்சைச் சுத்தி முறுக்கிக்குதோ அந்த அச்சு சரியா ஹெட் இருக்கிற புள்ளி வழியா போற மாதிரி பண்ணிட்டா, தகடு என்ன ஆட்டம் போட்டாலும் ஹெட் நகராது. அந்த அச்சை நகர்த்துறது எப்படி? அடிப்பக்கத்துல முன்கூட்டியே வளைச்ச இடம்னு சொன்னேனே, அந்த வளைவோட உயரத்தையும் வடிவத்தையும் சில மைக்ரான் கணக்குல மாத்துறது மூலமா. ஒரு வளைவு கிராம் கணக்கையும் பாத்துக்குது, ஆட்டத்தையும் அடக்குது. அதை மீறி வர்ற அதிர்வுக்கு லோட் பீம் மேல பசை மாதிரி ஒரு பொருளும் அதுக்கு மேல ஒரு மெல்லிய தகடும் ஒட்டி வைப்பாங்க, அதிர்வை அது உறிஞ்சிக்கும்.

இவ்வளவு நுணுக்கமா செஞ்சதை டிரைவ்ல எப்படி மாட்டுறாங்க தெரியுமா? ஸ்டீல் குண்டு வச்சு இடிச்சு :-) சஸ்பென்ஷனோட அடித்தட்டுல ஒரு சின்னக் குழல் இருக்கும். அதை அலுமினியக் கையோட ஓட்டையில நுழைச்சு, குழலை விட கொஞ்சம் பெரிய ஸ்டீல் குண்டை உள்ள தள்ளுவாங்க. குழல் விரிஞ்சு கையோட இறுகிக்கும். திருகு வேண்டாம், இடம் மிச்சம். ஆனா நடுக் கைகள்ல மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெண்டு சஸ்பென்ஷன் இருக்குமே, ஒரே குண்டு ரெண்டு வழியாவும் போகும்போது ஒண்ணை இழுக்கும், இன்னொண்ணை அமுக்கும். அதனால ஒண்ணோட கிராம் கணக்கு ஒரு பக்கமும், அடுத்ததோடது எதிர்ப் பக்கமும் நகர்ந்துடும். தொழிற்சாலையில பாத்துப் பாத்து அளந்து அனுப்பினதை மாட்டுறவன் ஒரு இடியில மாத்துறான். அந்த நகர்வையும் முன்கூட்டியே கணக்குல எடுக்கணும்.

அப்புறம் வயர். ஹெட்டுல இருந்து சிக்னல் வெளிய வரணும்ல? ரொம்ப நாள் முறுக்கின ரெண்டு மெல்லிய வயரை ஒரு குழாய்க்குள்ள விட்டுக் கொண்டு வந்தாங்க. 1991 வாக்குல காந்தத்தடை ஹெட் வந்து எழுத ஒரு ஜோடி, படிக்க ஒரு ஜோடின்னு நாலு வயர் ஆச்சு. ஸ்லைடர் எடையோ ஒண்ணரை மில்லிகிராம் பக்கம் வந்தாச்சு. வயரோட விறைப்பே ஸ்லைடரைச் சாய்ச்சு விட ஆரம்பிச்சது. யானைக்கு மணி கட்டலாம், எறும்புக்குக் கட்ட முடியுமா? 1990-கள் நடுவுல ஃபிளெக்ஷர் மேலயே பாலிஇமைடு படலம் போட்டு, செம்புத் தடத்தை அச்சடிச்சுட்டாங்க. இன்னைக்கு அதே தடங்களோட, ஹெட்டைச் சூடாக்கி சில நானோமீட்டர் புடைக்க வைக்கிற ஹீட்டருக்கும் லைன் போகுது. ஒண்ணு ரெண்டு நானோமீட்டர்னு மேல சொன்னேனே, அந்த உயரம் கிடைக்கிறது இந்த ஹீட்டராலதான்.

மடிக்கணினி வந்ததும் இன்னொரு தலைவலி, கீழ போட்டா என்ன ஆகும்? கணக்கு எளிது. ஸ்லைடரும் தகட்டு நுனியும் சேர்ந்து 10 மில்லிகிராம்னு வச்சுக்கோங்க, அமுக்குற விசை 2.5 கிராம். அப்போ 250 ஜி அதிர்ச்சி வரைக்கும் ஹெட் தட்டை விட்டு எழும்பாது, அதுக்கு மேல எழும்பித் திரும்ப வந்து அறையும். தப்பிக்க ரெண்டு வழி. தகட்டை லேசாக்கு, இல்லன்னா ஹெட்டைத் தட்டை விட்டே வெளிய எடுத்துடு. 1990-கள் பிற்பாதியில ஐபிஎம் மடிக்கணினி டிரைவ்கள் ரெண்டாவது வழியைப் பிடிச்சாங்க. லோட் பீம் நுனியில ஒரு சின்ன வால், தட்டோட ஓரத்துல ஒரு பிளாஸ்டிக் சரிவு. நிறுத்தினதும் வால் சரிவுல ஏறி உக்காந்துக்கும். 1311 காலத்துல கழட்டி மாட்டுறதுக்காக வெளிய வந்த ஹெட், இப்ப தூங்குறதுக்காக வெளிய வருது. 2001-ல வந்த முதல் ஐபாடை, உள்ள சுத்துற 5 கிகாபைட் தோஷிபா டிரைவோட, பாக்கெட்ல போட்டுக்கிட்டு மக்கள் ஓட முடிஞ்சதுக்குப் பின்னாடி இந்த மாதிரி கணக்குகள்தான் இருந்துச்சு.

தொழில் பக்கம் அவ்வளவு சந்தோஷமான கதை இல்ல. ஹட்சின்சனுக்குப் போட்டியா ஜப்பானின் என்ஹெச்கே ஸ்பிரிங், தாய்லாந்துல தொழிற்சாலை வச்சிருந்த மேக்னகாம்ப் ரெண்டும் வளர்ந்துச்சு. மேக்னகாம்பை 2007-ல ஜப்பானின் டிடிகே வாங்கிச்சு. வாங்குற டிரைவ் கம்பெனிகளும் ஒண்ணை ஒண்ணு விழுங்கி மூணு பேர்னு ஆனாங்க. மூணே வாடிக்கையாளர், ஒவ்வொருத்தரும் காசைக் குறைன்னு அமுக்குவாங்க, துல்லியத்தைக் கூட்டுன்னும் சொல்வாங்க. 2011 அக்டோபர்ல தாய்லாந்து வெள்ளம் ஆயுத்தயா பகுதித் தொழிற்பேட்டைகளை மூழ்கடிச்சப்ப மேக்னகாம்ப், ஹட்சின்சன் ரெண்டோட ஆலைகளும் அதுல மாட்டிக்கிச்சு. உலகம் பூரா ஹார்டு டிஸ்க் விலை எகிறினது ஞாபகம் இருக்கும். அப்போ செய்தியில எல்லாம் பெரிய டிரைவ் கம்பெனி பேர்தான் வந்துச்சு, ஒரு டாலர் கூட பெறாத தகடு செய்யிற ஆலையும் தண்ணிக்குள்ள இருக்குன்னு யாரும் பெருசா சொல்லல.

2019-ல அமெரிக்க நீதித்துறை வெளியிட்டது வேற ரகம். சஸ்பென்ஷன் விலையைப் போட்டியாளர்களோட கூடிப் பேசி நிர்ணயிச்சதா என்ஹெச்கே ஸ்பிரிங் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 2.85 கோடி டாலர் அபராதம் கட்ட சம்மதிச்சது. காலம் 2008-ல இருந்து 2016 வரைக்கும். எட்டு வருஷம்! நாம அந்த எட்டு வருஷத்துல வாங்கின ஒவ்வொரு ஹார்டு டிஸ்க்குலயும் இந்தக் கூட்டுக் கணக்கோட சில பைசா இருந்திருக்கலாம். அதே காலத்துல கோழிக் கொட்டகையில பொறந்த கம்பெனி திரும்பத் திரும்ப ஆட்குறைப்பு பண்ணி, 2016 அக்டோபர்ல டிடிகே கைக்குப் போயிடுச்சு. சின்ன ஊர்ல ஒரு பெரிய ஆலை தளர்ந்தா என்ன ஆகும்னு நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல.

தகடு மட்டும் வளர்ந்துக்கிட்டே இருக்கு. பெரிய காந்த மோட்டார் கையை நகர்த்துற துல்லியம் போதாம போனப்ப, சஸ்பென்ஷனோட அடியில மின்சாரம் கொடுத்தா நீளுற பீசோ துண்டுகளை வச்சு, தகட்டையே நகர வச்சாங்க. 2009-ல வெஸ்டர்ன் டிஜிட்டலின் 2 டெராபைட் டிரைவ்ல இந்த ரெட்டை நகர்வு வந்துச்சு. அப்புறம் பீசோ நுனிக்கே, டிம்பிள் பக்கத்துக்கே போயிடுச்சு. இப்ப தோள், முழங்கை, மணிக்கட்டுன்னு மூணு இடத்துல நகருற டிரைவ் கூட வித்தாச்சு. 2013-ல டப்பாவுக்குள்ள காத்துக்குப் பதில் ஹீலியம் அடைச்சப்ப தகட்டுக்குக் கொஞ்சம் நிம்மதி, லேசான வாயு, அதிர வைக்கிற உதைப்பு கம்மி. 2024-ல சீகேட் அறிவிச்ச 30 டெராபைட் டிரைவ்கள்ல ஸ்லைடர் முதுகுல ஒரு லேசரே ஏறி உக்காந்திருக்கு. அதுக்கும் கரண்ட் லைன் இந்தத் தகடு மேலதான் போகணும்.

உங்க வீட்டுல செத்துப் போன டிரைவ் ஏதாவது கிடந்தா பிரிச்சுப் பாருங்க. மூடியில நட்சத்திரத் திருகு இருக்கும், பெரும்பாலும் டி8 சைஸ். எல்லாம் கழட்டியும் மூடி வரலன்னா ஸ்டிக்கரை விரலால தடவுங்க, அடியில ஒண்ணு ஒளிஞ்சிருக்கும். மூடியைத் தூக்கினதும் எல்லாரும் கண்ணாடி மாதிரி மின்னுற தட்டைத்தான் பாப்பாங்க. நீங்க கையோட நுனியைப் பாருங்க, ஒரு லென்ஸ் இருந்தா நல்லது. ஓரம் மடிச்ச முக்கோணம், நுனியில வால், அதுக்கு அடியில கடுகை விடச் சின்னதா ஒரு கறுப்புத் துண்டு. ஊசி முனையால அந்தக் கறுப்புத் துண்டை லேசா தொட்டா டிம்பிள் மேல எல்லாப் பக்கமும் சாயும். மடிக்கணினி டிரைவ்னா மட்டும் தட்டை வளைச்சு விளையாடாதீங்க. நிறைய டிரைவ்ல அது கண்ணாடித் தட்டு, பட்டுனு வெடிச்சு சிதறும்.